பச்சை நிறம் கேட்ட ஊர்

தாரிஹா
14 மார்ச் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வருடமாக என் கடிதங்களை நீ பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறாய். லாரிக்கார ரெம்பெர்த்தோவுக்கே என் முகத்தைப் பார்க்கச் சங்கடமாகிவிட்டது. அதனால் இந்த முறை உன்னிடம் தர வேண்டாம், உன் வீட்டுக்காரர் குமெர்சிந்தோ மாமாவிடம் கொடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். மாமாவாவது படித்துச் சொல்லட்டும். இது நம் சண்டையைப் பற்றிய கடிதம் இல்லை. ஊரைப் பற்றியது.

போன மாதம் எங்கள் பூச்சித் தடுப்பு அலுவலகத்திலிருந்து மூன்று பையன்கள் பாலோ பிளாங்கோவுக்கு வந்தார்கள். சொந்த ஊருக்குப் போகக்கூடாது என்பது விதி, அதனால் என்னை அனுப்பவில்லை. அவர்கள் திரும்பி வந்து கொடுத்த கணக்கைப் பார்த்து எங்கள் இயக்குநர் மேசையைத் தட்டிச் சிரித்தார். ஒரு வீட்டில்கூட வின்சுகாப் பூச்சி இல்லை. கட்டிலுக்குப் பின்னால் இல்லை, கூரையில் இல்லை, ஆட்டுப்பட்டியில் இல்லை, கோழிக்கூட்டில்கூட இல்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோழிக்கூட்டில் வின்சுகா இல்லாத பாலோ பிளாங்கோவை நானும் நீயும் பார்த்ததே கிடையாது.

அந்தப் பையன்களில் ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். எந்தச் சுவரில் சாய்ந்தாலும் சட்டையெல்லாம் சுண்ணாம்பு ஒட்டியதாம். ஊர்த்தலைவர் அசென்சியோ வெள்ளாடு சுட்டு, சிச்சா ஊற்றி, மூன்று பேரையும் எழுந்திருக்க முடியாமல் செய்த பிறகுதான் வீடுகளைக் காட்டினாராம். "உங்க ஊரு மாதிரி உபசாரம் எங்கயுமே கிடையாதுங்க" என்கிறான். மழைக்காலம் முடிவதற்குள் ஊரே சேர்ந்து வெள்ளையடிப்பது எதற்கு, அக்கா?

பூச்சி இல்லை என்று எழுதினால் வரைபடத்தில் நம் ஊருக்குப் பச்சை நிறம் தீட்டுவார்கள். பச்சை என்றால் மூன்று வருடத்துக்கு மருந்தடிக்கும் வண்டி அந்தப் பக்கம் வராது. சுண்ணாம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? சுவர் மறுபடி வெடிக்கும். பட்டியில் இருக்கும் பூச்சி வீட்டுக்குள் வரும், தூங்குகிறவர்களைக் கடித்து நெஞ்சைத் தின்னும் நோயைக் கொடுக்கும். அப்பா சோளக்கொல்லையில் மண்வெட்டியோடு விழுந்து கிடந்ததை மாரடைப்பு என்று சொல்லி அடக்கம் செய்தோம். அந்த வயதில் அப்படி விழுந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியும்.

என்ன நடந்தது என்று நீயே சொல். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

உன் பெண் யோபானாவுக்கு ஆண் குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகிறது, ஏவர் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று ரெம்பெர்த்தோ சொன்னார். தொட்டிலைச் சுவரை ஒட்டிப் போடாதே.

உன் தங்கை
நேலிதா


பாலோ பிளாங்கோ
2 ஏப்ரல்

அதிகாரி நேலிதா அவர்களுக்கு,

உன் கடிதத்தை உன் மாமா ஆட்டுப்பட்டியில் உட்கார்ந்து சத்தம்போட்டுப் படித்தார். நான் பால் கறந்துகொண்டிருந்தேன், காதைப் பொத்திக்கொள்ளக் கை காலியாக இல்லை. அதனால் கேட்டுத் தொலைத்தேன்.

ஆமாம், சுண்ணாம்பு அடித்தோம். வீட்டைச் சுத்தம் செய்யுங்கள் என்று நீங்கள்தானே சுவரொட்டி ஒட்டினீர்கள்? செய்தோம். பூச்சி பார்க்க ஆள் வரப்போகிறது என்று தெரிந்ததும் அசென்சியோ ஊரைக் கூட்டிச் சொன்னார். கட்டில்களையெல்லாம் வெயிலில் போட்டுக் கொதிநீர் ஊற்றினோம். பிள்ளைகள் ஆளுக்கொரு பாட்டிலில் மண்ணெண்ணெய் வைத்துக்கொண்டு போட்டி போட்டுப் பூச்சி பிடித்தார்கள். கோழிக்கூடுகளை முள்காட்டுக்குள் கொண்டுபோய் மறைத்தோம். வெடிப்புகளில் மண்ணை அப்பி மேலே வெள்ளையடித்தோம். ஊர்த் திருவிழாவுக்குக்கூட நாங்கள் இப்படி ஒன்றாக உழைத்ததில்லை. உன் பையன்கள் தின்றது என்னுடைய ஆடு, அதையும் குறித்துக்கொள்.

ஏன் என்று கேட்கிறாய். உனக்குத் தெரியாதது போலக் கேட்கிறாய், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பத்திரிகையில் ஒரு வரைபடம் வந்தது. நடுவில் புண் மாதிரி சிவப்பு, அதற்குள் பாலோ பிளாங்கோ என்று நம் ஊர்ப் பெயர், கீழே உன் பெயர். அடுத்த வாரமே வில்யா மோந்தெஸ் சந்தையில் என் பாலாடைக்கட்டியை ஒரு பெண் கையில் எடுத்து, எந்த ஊர் என்று கேட்டுவிட்டுத் திரும்ப வைத்தாள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நீ சமையல் வேலைக்குச் சேர்த்துவிட்ட வீட்டில் யோபானாவை என்ன செய்தார்கள்? அந்தச் சீமாட்டி பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அவளை இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். நோய் இருக்கிறது என்று சீட்டு வந்ததும், இவள் சாப்பிட்ட தட்டை இவள் கண் முன்னாலேயே குப்பையில் போட்டாள். தட்டில் தொற்றாது என்று நீ போய் விளக்கினாயாம். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, உன்னையும் வாசலில் நிற்கவைத்தே அனுப்பினாளாம். என் பெண் ஒரு பையோடு லாரியில் வந்து இறங்கினாள். அன்றிலிருந்து கிணற்றடியில்கூட அவள் யாருடனும் பேசுவதில்லை.

நீ நோயைத் தேடினாய், கிடைத்தது. பிறகு என்ன செய்தாய்? மருந்தடித்தார்கள், என் கோழிகளும் பூனையும் செத்தன. யோபானாவுக்கு மருந்து கேட்டபோது, குழந்தைகளுக்கு மட்டும்தான், பெரியவர்களுக்குக் கிடையாது என்றார்கள். தீர்க்க முடியாததை ஏன் ஊரறியச் சொல்ல வேண்டும்?

இப்போது பச்சை வந்திருக்கிறது. பச்சையாகவே இருக்கட்டும். கையெழுத்துப் போடு. இந்த ஊர் உன்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

ஏவர் நன்றாக இருக்கிறான். தொட்டில் எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

எதெல்வினா


தாரிஹா
20 ஏப்ரல்

அக்கா,

திட்டியாவது எழுதினாயே, அதுபோதும்.

யோபானாவுக்கு நடந்ததை நான் மறக்கவில்லை. பத்திரிகைக்காரர் சுவரில் தொங்கிய வரைபடத்தை அப்படியே படம்பிடித்துப் போட்டுவிட்டார். இந்த முறை ஊர்ப்பெயர் எதுவும் வெளியே போகக்கூடாது என்று இயக்குநரிடம் எழுத்தில் வாங்கியிருக்கிறேன். பெயர் எங்கள் அலுவலகத்துக்கும் மருந்தடிப்பவர்களுக்கும் மட்டும்தான் தெரியும். இதற்காக நாலு மாதம் அவரோடு முட்டிக்கொண்டேன்.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நாங்கள் எல்லா ஊருக்கும் போவதில்லை. அத்தனை ஆளும் வண்டியும் எங்களிடம் இல்லை. ஒரே மாதிரி மண், ஒரே மாதிரி சுவர், வீட்டை ஒட்டியே ஆட்டுப்பட்டி என்று இருக்கிற ஊர்களைச் சேர்த்து ஒரு கூட்டமாக வைத்து, அதில் ஒன்றை மட்டும் பார்க்கிறோம். அங்கே கிடைப்பதை வைத்து மற்ற ஊர்களுக்கும் ஆபத்து எவ்வளவு என்று கணிக்கிறோம். ஆற்றோரம் தாரூமாவிலிருந்து இபிராத்தி வரைக்கும் உள்ள குவாரனிப் பழங்குடிக் குடியிருப்புகள் எல்லாம் நம் ஊர்க் கூட்டத்தில்தான் இருக்கின்றன. நம் ஊருக்குப் பச்சை என்றால் அவர்களுக்கும் பச்சை. அவர்கள் சுண்ணாம்பு அடிக்கவில்லை. அவர்களைக் கேட்டவரும் இல்லை.

தாரூமாவில் மார்சியானா இருக்கிறாள். அவள் மகள் உன் ஞானமகள்.

மே மாதக் கடைசியில் வரைபடம் லா பாஸுக்குப் போகிறது. மறுபடி பார்க்க வேண்டும் என்று நான் எழுதலாம், ஆனால் காரணம் காட்ட வேண்டும். என்னிடம் இருக்கிற ஒரே காரணம் நீ எழுதியதுதான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன். அதை மீற எனக்கு மனம் வரவில்லை. ஊரிலிருந்தே யாராவது மறுபடி பாருங்கள் என்று கேட்டால், யாரும் யாரையும் காட்டிக்கொடுத்ததாக இருக்காது.

நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

இரண்டு முறை எழுதிக் கிழித்து, மூன்றாவதாக எழுதியது இது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். உடம்பும் கொஞ்சம் அசதியாக இருக்கிறது, மலைக்காற்று.

நேலிதா


பாலோ பிளாங்கோ
15 மே

நேலி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அவர்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல எங்களை யார் நியமித்தது? எங்களிடம் சொன்னீர்களா? உங்கள் பையன்கள் ஆடு தின்னும்போதாவது வாயைத் திறந்து, இது தாரூமாவுக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லியிருக்கலாமே?

திட்டி முடித்ததும் தாரூமாவுக்குப் போனேன். தேன் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். மார்சியானா மாத்தே தேநீர் போட்டுக் கொடுத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலுக்கு மேலே கறுப்புக் கறுப்பாக வழிந்திருந்த பூச்சி எச்சம் கூரைவரைக்கும் போனது. என் ஞானமகள் டெல்ஃபினா அந்தக் கட்டிலில் உட்கார்ந்து கோழிக்குஞ்சோடு விளையாடிக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கடித்த தடம்.

மார்சியானா என்னிடம் கேட்டாள். "உங்க ஊருக்கு மருந்து அடிச்சு முடிச்சதும் எங்களுக்குன்னு போன தடவை சொல்லிட்டுப் போனாங்க. எப்ப வராங்கன்னு ஏதாச்சும் தெரியுமா?"

வருவார்கள் என்று சொன்னேன். தேனை வாங்காமலே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம் போடச் சொன்னேன். மறுபடி வந்து பார்க்கச் சொல்லி எழுதுவோம், கோழிக்கூடுகளைத் திரும்பக் கொண்டுவருவோம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். ஊர்ப்பெயர் வெளியே போகாது என்று நீ எழுதியதையும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. அசென்சியோ எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார், அவர் கோபப்பட்டால் அப்படித்தான். "உன் தங்கச்சி பட்டணத்துல நாற்காலில உக்காந்து நம்ம ஊருக்குச் சாயம் பூசுறா. நீ இங்கேருந்து அவளுக்கு வாளி தூக்குறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் மாமா தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறந்ததில்லை, அன்றைக்கும் திறக்கவில்லை. ஆனால் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

அப்போதுதான் யோபானா பேசினாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். "எனக்கு இருக்கு. அது இங்க எல்லாருக்கும் தெரியும். கிணத்தடியில நான் வந்தா நீங்க நகந்துக்கிறதும் எனக்குத் தெரியும். என் புள்ளைக்கு இருக்கா இல்லையான்னுதான் எனக்குத் தெரியல. அது எனக்குத் தெரிஞ்சாகணும்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அசென்சியோவின் மனைவி ஹெனாரா, புருஷன் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "ரத்தம் பாக்க ஊசி குத்திக்க ஊரே வரும். ஆனா அந்த அதிகாரியம்மாவும் இதே மண்சுவத்துப் பக்கத்துல படுத்து வளந்தவதானே. முதல்ல அவ வந்து கைய நீட்டட்டும். அப்புறம் நான் நீட்டுறேன்."

கூட்டம் அதை ஒத்துக்கொண்டது. இத்துடன் ஊர் எழுதிய கடிதமும் இருக்கிறது. அசென்சியோ கையெழுத்துப் போட மாட்டேன் என்றார், பிறகு பேனா எழுதவில்லை என்றார், கடைசியில் போட்டார்.

வந்துவிடு. என்னோடு பேச வேண்டும் என்று இல்லை, உன் கையைக் கொண்டுவந்தால் போதும்.

எதெல்வினா


தாரிஹா
1 ஜூன்

அக்கா,

ஊர்க் கடிதம் கிடைத்தது. இயக்குநருக்குக் கோபம், ஆனாலும் வரைபடத்தை நிறுத்திவைத்திருக்கிறார். பதினெட்டாம் தேதி வருகிறோம். பூச்சி தேட வேறு ஆட்கள், இரத்தம் எடுக்க ஒரு மருத்துவர். கேட்டது ஊரே என்பதால், விதியைத் தளர்த்தி என்னையும் வரச் சொல்லிவிட்டார். தாரூமாவுக்கும் இபிராத்திக்கும் நேரிலேயே போகிறார்கள்.

ஹெனாரா கேட்டது நியாயம். இருபது வருடமாக மற்றவர்கள் கையைப் பிடித்து ஊசி குத்துகிறேன். என் கையை யாரும் கேட்டதில்லை. நானாகவும் நீட்டியதில்லை. ஏன் என்று நீ கேட்கக்கூடாது. தீர்க்க முடியாததை ஏன் சொல்ல வேண்டும் என்று நீ எழுதியிருந்தாயே, அதே கேள்விதான் எனக்குள்ளும். ஆனால் அதை நான் இங்கே கூட்டத்துக்குக் கூட்டம் மறுத்துப் பேசுகிறவள்.

வருகிறேன். முதல் ஆளாக உட்காருகிறேன்.

யோபானாவிடம் சொல், ஏவருக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. நோய் இருந்தாலும் இந்த வயதில் மருந்து கேட்கும். குணமாகிவிடும். இதை அவளிடம் உறுதியாகச் சொல்லலாம்.

நேலிதா


பாலோ பிளாங்கோ
10 ஜூலை

நேலி,

இங்கே குளிர்காலத்துத் தெற்குக் காற்று மூன்று நாளாக ஓயவில்லை. ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடக்கின்றன. விரல் மடங்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ பள்ளிக்கூட முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தபோது உன் உதடு வெளுத்துப்போயிருந்தது. ஊசிக்குப் பயமா என்று பிள்ளைகள் சிரித்தார்கள். உனக்கு அடுத்து ஹெனாரா உட்கார்ந்தாள், அதற்குப் பிறகு வரிசை கிணறுவரைக்கும் போனது. அது வரைக்கும் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் நீ சாப்பிடக்கூட வராமல், தலை சுற்றுகிறது என்று சொல்லி மத்தியானமே வண்டியில் ஏறிக்கொண்டாய். உனக்காக வைத்த நிலக்கடலைச் சூப் அடுப்பிலேயே இருந்தது. நான் வந்து கூப்பிடவில்லை என்று கோபமா? கூப்பிடத்தான் நடந்து வந்துகொண்டிருந்தேன்.

நீ போன பிறகு எங்கள் வீட்டைப் பார்த்தார்கள். தொட்டில் நடுவீட்டில்தான் இருந்தது, நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. ஆனால் பூச்சியை வெளியே வரவைக்கும் மருந்தைப் பீய்ச்சியதும், நாங்கள் மண் அப்பி வெள்ளையடித்த வெடிப்பு ஒன்று பெயர்ந்து விழுந்தது. உள்ளே பெரிதும் சிறிதுமாக ஒரு குடும்பமே இருந்தது. ஒவ்வொன்றாக வெளியே வந்து, சூரியனைப் பார்த்த மாதிரி அசையாமல் நின்றன. நான் பூசிய சுண்ணாம்பு அவற்றின் முதுகில் ஒட்டியிருந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பூச்சியை அடைத்துவைத்து அதன் முன்னால் என் பேரனைத் தூங்கவைத்திருக்கிறேன்.

நேற்று முடிவுகளைக் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். ஏவருக்கு இருக்கிறது.

யோபானா அழவில்லை. மருத்துவரிடம் ஒன்றுதான் கேட்டாள். "என் வயித்துல இருக்கும்போதே வந்துச்சா, இல்ல சுவத்துலேருந்து வந்துச்சா?"

அவர், "சொல்ல முடியாதும்மா. மருந்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். நல்ல மனிதர். மருந்துக்கு இரண்டும் ஒன்றுதான், அவளுக்கு ஒன்றா என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கு இப்போதும் மருந்து கிடையாதாம். வருடத்துக்கு ஒரு முறை நெஞ்சைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

மாத்திரையை நுணுக்கித் தாய்ப்பாலில் கலந்து கொடுக்கிறோம். பாதியைத் துப்புகிறான். இரண்டு மாதம் விடாமல் கொடுத்தால் போய்விடும் என்கிறார் மருத்துவர். நீ சொன்னதும் அதுதானே.

அசென்சியோ என்னைப் பார்த்தால் வேறு பக்கம் போகிறார். ஊரைக் கெடுத்தவள் என்று சிலர் என் காது படவே பேசுகிறார்கள். ஆனால் ஹெனாரா காலையில் பின்பக்க வேலி வழியாக வந்து, மாத்திரையை எவ்வளவு தண்ணீரில் கரைக்கிறாய் என்று கேட்டாள். அவள் பேத்திக்கும் இருக்கிறது. யோபானா உள்ளேயிருந்து வந்து, தண்ணீர் வேண்டாம், துப்பிவிடும், பாலில் போடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். இரண்டு வருடத்தில் யோபானா ஊர்க்காரர் ஒருவரோடு உட்கார்ந்து பேசியது இதுதான் முதல் தடவை.

சந்தையில் இன்னும் யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. நீ சொன்னபடி பெயர் வெளியே போகவில்லை போலிருக்கிறது.

எனக்கு நோய் இல்லையாம். மறுபடி பாருங்கள், தப்பாக இருக்கும் என்றேன். இரண்டு முறை பார்த்தாயிற்று என்றார்கள்.

ஊரில் எல்லோருக்கும் சீட்டு வந்தது. உன் சீட்டைப் பற்றி மருத்துவரிடம் கேட்டேன். அதை உங்கள் தங்கையிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

கேட்கிறேன்.

எதெல்வினா


தாரிஹா
2 ஆகஸ்ட்

அன்புள்ள அக்கா,

முதலில் வேலை விஷயம். வரைபடம் லா பாஸுக்குப் போய்விட்டது. பாலோ பிளாங்கோவிலிருந்து ஆற்றுவளைவு முழுவதும் சிவப்பு. தாரூமாவில் பார்த்த வீடுகளில் பூச்சி இல்லாத வீடே இல்லை. மருந்தடிக்கும் வண்டி அங்கேதான் முதலில் போகிறது, அடுத்து இபிராத்தி, உங்கள் ஊர் கடைசி. இதைக் கேட்டு அசென்சியோ என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். டெல்ஃபினாவுக்கு நோய் இருக்கிறது. மருந்து தொடங்கியாயிற்று. அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று நீ போய்ப் பார்த்துக்கொள்.

இனி உன் கேள்வி. எனக்கும் இருக்கிறது.

சீட்டு வருவதற்கு முன்பே தெரிந்த மாதிரிதான் இருந்தது. அசதி என்று எழுதினேனே, அது மலைக்காற்று இல்லை. ஊரில் தலை சுற்றியதும் ஊசியால் இல்லை. போன வாரம் அலுவலகப் படிக்கட்டில் விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது இயக்குநர் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு விசிறிக்கொண்டிருந்தார், பாவம். இதயத்துடிப்பு நடுநடுவே நின்று நின்று வருகிறது என்றார்கள். இந்த நோய் சிலருக்கு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு இப்படித்தான் வெளியே வருமாம். வருமாம் என்று எழுதுகிறேன் பார். ஊர் ஊராகப் போய் இதைப் பாடம் நடத்தியவளே நான்தான்.

பேஸ்மேக்கர் வைக்க வேண்டும். கொச்சபாம்பாவிலிருந்து அறுவை மருத்துவர் இம்மாதக் கடைசியில் வருகிறார். தோளுக்குக் கீழே சின்னதாகக் கீறித்தான் வைப்பார்களாம், பெரிய விஷயம் இல்லையாம். அதுவரை ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடக்க வேண்டாம், வீட்டிலேயே தனியாக இல்லாமல் இருந்தால் போதும் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண் வந்து படுத்துக்கொள்கிறாள்.

ஒரே கட்டிலில் ஒரே போர்வைக்குள் தூங்கினோம். உனக்கு இல்லை, எனக்கு இருக்கிறது. இதைக் கேட்டு உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்பதால்தான் சீட்டு வந்தும் எழுதாமல் இருந்தேன். யாரைக் கடிக்கும், யாருக்குள் போகும் என்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. ஒரு ஊருக்கு எவ்வளவு ஆபத்து என்று என்னால் சொல்ல முடியும். ஒரு ஆளுக்குச் சொல்ல முடியாது.

பயமாக இருக்கிறது. இதை இங்கே யாரிடமும் சொல்ல முடியவில்லை, உன்னிடம் சொல்லிவிட்டேன்.

நீ வர வேண்டாம். ஆடு இருக்கிறது, ஏவருக்கு மருந்து இருக்கிறது, அந்தச் சாலையில் ஒன்றரை நாள் லாரியில் வருவது உன் முதுகுக்கு ஆகாது. நிச்சயமாக வர வேண்டாம். எல்லாம் முடிந்ததும் நானே எழுதுகிறேன்.

உன்
நேலி


பாலோ பிளாங்கோ
19 ஆகஸ்ட்

நேலிக்கு,

வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். நிச்சயமாக என்றும் சேர்த்து எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் உனக்குக் காய்ச்சல் வந்தால் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றுதான் கத்துவாய். அதிலிருந்தே அம்மா உடம்பு எவ்வளவு மோசம் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

ஆடுகளை உன் மாமா பார்த்துக்கொள்வார். பாலாடைக்கட்டியை யோபானா போடுகிறாள், சந்தைக்கும் அவளே போகிறாள், ஹெனாராவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு. ஏவருக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. பயந்துபோய் மருந்தை நிறுத்தலாமா என்று கேட்டு ஆள் அனுப்பினோம். நிறுத்தாதீர்கள், அளவைக் குறைத்துக் கொடுங்கள் என்றார் மருத்துவர். இப்போது இறங்கிவிட்டது. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, பிறகு இரத்தம் பார்ப்பார்களாம். நேற்று முதல்முறையாக எதையும் பிடிக்காமல் நின்றான், நின்ற அதிர்ச்சியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

தாரூமாவில் மருந்தடித்து முடித்துவிட்டார்கள். நான் போயிருந்தேன். மார்சியானாவின் கட்டிலைத் தூக்கி முற்றத்தில் வைக்க நானும் ஒரு பக்கம் பிடித்தேன். டெல்ஃபினா கோழிகளையெல்லாம் ஒரு கூடைக்குள் அடைத்து மடியில் வைத்துக்கொண்டு, எதுவும் சாகாது என்று மருந்தடிப்பவரிடம் சத்தியம் வாங்கினாள்.

எங்கள் ஊருக்கு அடுத்த மாதம். கடைசி என்று அசென்சியோவுக்குக் கோபம்தான். பொறுக்கட்டும்.

வியாழக்கிழமை ரெம்பெர்த்தோவின் லாரியில் நான் புறப்படுகிறேன். இந்தக் கடிதமும் என்னோடுதான் வருகிறது. இதற்கு எதற்குக் கடிதம் என்று உன் மாமா கேட்டார். எனக்குக் காரணம் இருக்கிறது. உன்னை நேரில் பார்த்தால் எனக்கு வாயில் சண்டைதான் வரும். ஏன் முன்னாடியே சொல்லவில்லை, ஏன் அன்றைக்குச் சாப்பிடாமல் போனாய், ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று வாசலிலேயே ஆரம்பித்துவிடுவேன். நான் சொல்ல நினைப்பது அதில் அடிபட்டுப்போகும். அதனால் எழுதிக்கொண்டு வருகிறேன்.

எங்கள் ஊருக்கு நீ தீட்டிய சிவப்பு சரிதான். யோபானாவுக்கு நடந்தது அநியாயம்தான். இதில் ஒன்று உண்மை என்றால் மற்றது பொய்யாகிவிடும் என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை.

உனக்கு வந்தது எனக்கு வந்திருக்கலாம். வந்திருந்தால் இவ்வளவு வேதனையாக இருந்திருக்காது என்று தோன்றுகிறது. இதை நீ நம்ப வேண்டும்.

உன் வீட்டுக் கதவைத் தட்டி, இதை உன் கையில் கொடுப்பேன். நீ படித்து முடிக்கிறவரைக்கும் வெளியிலேயே நிற்கிறேன். முடித்ததும் ஒன்றும் பேசாதே, உள்ளே கூப்பிடு.

எதெல்வினா